படத்துக்கும் வேண்டும் இஸ்னாத்

ஹதீஸ்களைத் தொகுத்த பேரறிஞர்கள், ஒரு செய்தி செவியில் விழுந்தவுடன் அதன் இனிமையில் மயங்கி நின்றுவிடவில்லை. இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? கேட்டவரும் சொன்னவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து ஒருவரையொருவர் சந்தித்தவர்கள்தாமா? இப்படி அடுக்கடுக்காக வினவினார்கள். ‘இஸ்னாத்’ எனப்படும் அறிவிப்பாளர் தொடர் ஒரு புறம். ‘மத்ன்’ எனப்படும் செய்தியின் வாசகம் மறுபுறம். இரண்டையும் நிறுத்துப் பார்த்த பிறகே ஏற்பதும் தள்ளுவதும். தொடர் அறுந்த செய்தி எவ்வளவு அழகியதாயினும் அதற்கு உரிய இடத்தில்தான் வைக்கப்பட்டது.

மார்க்கத்தின் உயர்ந்த கலையொன்றை அஞ்சல் அட்டைப் படத்தின் அருகே கொண்டு வருவது பொருந்துமா என்று வாசகப் பெருமக்களில் சிலர் கேட்கலாம். இரண்டையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்தப் பெரியார்கள் கேட்ட வினாக்களை மட்டுமே கடனாகப் பெறுகிறோம். படங்கள் பெருகி, அவற்றைப் பற்றிய உண்மைகள் அருகிவிட்ட இக்காலத்தில் அவ்வினாக்கள் நமக்கு மிகவும் வேண்டியிருக்கின்றன.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்து அந்த மலைக்குச் சென்று மீளும் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் நூறு படங்களாவது ஏறியிருக்கும். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகள், அய்யாறு விழும் ஆகாய கங்கை அருவி, செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலை, பலாப்பழக் குவியல், கூடையோடு நடந்து செல்லும் ஒரு பெண். அந்தப் பெண் யார்? எந்த ஊர்? கூடையில் இருப்பது சாமையா, தினையா? எடுத்தவரைக் கேட்டால், “கொல்லிமலையில் எடுத்தது” என்பதற்கு மேல் விடை வராது. வளைவுகளுக்குக் கணக்கு உண்டு. மனிதருக்குப் பெயர் இல்லை.

இக்குறை கைப்பேசியோடு பிறந்ததன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற பட அஞ்சலட்டைகளிடமிருந்து நாம் பெற்ற பிதுரார்ஜிதம் இது. அவ்வட்டைகளை வெளியிட்டவர்களோ பெரும்பாலும் குடும்பங்கள். தந்தையும் மைந்தரும், கணவனும் மனைவியும் நடத்திய கடைகள். அக்குடும்பங்களின் கதையை ஆராய்ந்தால், நம் கண் எவரிடம் பழகியது என்பது விளங்கும்.

லண்டனில் ஒரு குடும்பம்

அஞ்சலட்டை 1869-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் பிறந்தது. 1879-இல் காலணா விலையில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது அதில் படம் கிடையாது. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி. தனியார் அச்சிட்ட பட அட்டைகளை அஞ்சலில் சேர்க்கலாம் என்று பிரிட்டன் 1894-இல் இசைவு தந்த பிறகுதான் அங்கே இத்தொழில் தழைத்தது. தழைக்கச் செய்தவர்களில் முதல் வரிசையில் நிற்பது ‘ரஃபேல் டக்கும் மைந்தரும்’ என்ற நிறுவனம்.

ரஃபேல் டக், பிரஷ்ய நாட்டிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஒரு யூதர். 1866-இல் அவரும் மனைவி எர்னஸ்டீனும் படங்களும் படச் சட்டங்களும் விற்கும் சிறுகடை ஒன்றைத் திறந்தனர். 1870-இல் ஹெர்மன், அடால்ஃப், குஸ்தவ் என்னும் மைந்தர் மூவரும் தொழிலுக்கு வந்தனர். வாழ்த்தட்டை ஓவியங்களுக்கு 1880-இல் அவர்கள் நடத்திய 500 பவுன் பரிசுப் போட்டி கடையின் பெயரை நாடறியச் செய்தது. 1893-இல் விக்டோரியா அரசியின் அரண்மனைக்குப் பொருள் வழங்கும் சிறப்புரிமை கிடைத்தது. பட அட்டையின் அளவைப் பெரிதாக்க அடால்ஃப் அஞ்சல் துறையோடு வாதாடி 1899-இல் வென்றார். அடுத்த ஆண்டு மூத்தவர் ரஃபேல் மறைந்தார். அடால்ஃப் 1910-இல் ‘பாரனெட்’ பட்டம் பெற்றார். அந்நிய மொழியும் அந்நிய மதமும் கொண்டு வந்து சேர்ந்த ஒரு குடும்பம் இரண்டு தலைமுறைக்குள் எட்டிய உயரம் இது. கொழும்பிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்து வளர்ந்த நம்மவர்களின் வரலாற்றை அறிந்த வாசகர்கள், இவ்வுழைப்பின் அருமையை எளிதில் உணர்வார்கள்.

அவர்களுடைய அட்டைகளின் கலைத் தகுதியையும் நாம் குறைத்துக் கூறவில்லை. 1903 முதல் அவர்கள் வெளியிட்ட ‘ஆய்லெட்’ வரிசை, எண்ணெய் ஓவியத்தின் தூரிகைத் தடம்கூடத் தெரியுமாறு அச்சிடப்பட்டது. ஏழை வீட்டுச் சுவருக்கும் வண்ண ஓவியத்தைக் கொண்டு சேர்த்த பெருமை அதற்கு உண்டு. பல அட்டைகளின் பின்புறத்தில் அந்தக் காட்சியைப் பற்றி நாலைந்து வரிக் குறிப்பும் அச்சிட்டிருப்பார்கள். மற்றவர்கள் செய்யாத நற்செயல் அது.

ஆனால் அக்குறிப்பு என்ன கூறியது என்பதில்தான் நம் விமரிசனம் தொடங்குகிறது. ‘பரந்த பரந்த உலகம்’ என்று பெயரிட்ட வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது. கட்டடமாயின் பெயர் உண்டு. கட்டியவர் பெயர்கூடச் சில வேளை உண்டு. மனிதராயின் அவர் ஒரு தொழிலாகவோ ஒரு சாதியாகவோ மாறிவிடுவார்: பாம்பாட்டி, பக்கிரி, தண்ணீர் சுமப்பவன். அவன் என்னென்ன செய்வான் என்பதைப் பின்புறக் குறிப்பு விரிவாகச் சொல்லும். அவன் யார் என்பதைச் சொல்லாது. மத்ன் நிறைய; இஸ்னாத் இல்லை.

காரணம் எளிது. அட்டையை வாங்குபவர் லண்டனில் இருந்தார். பாம்பாட்டியின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. 1900-இல் டக் நிறுவனம், தன் அட்டைகளை அஞ்சல் வழியாகப் பெற்று மிகுதியாகச் சேர்ப்பவருக்குப் பரிசு என ஒரு போட்டியை அறிவித்தது. வென்ற பெண்மணி சேர்த்திருந்தவை 20,364 அட்டைகள்! ஓர் இல்லத்தில் 20,364 காட்சிகள் வந்து குவியும்போது, ஒவ்வொன்றையும் நின்று நிதானித்து யார், எவர் என்று கேட்க யாருக்குப் பொழுது இருக்கும்? எண்ணிக்கை பெருகப் பெருகப் பெயர் சுமையாகிவிடுகிறது. இன்றைய கைப்பேசியின் நோய் அன்றே தொடங்கிவிட்டது.

இக்குடும்பக் கதையின் முடிவும் ஒரு பாடம். 1940 டிசம்பர் 29-ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது தீக்குண்டுகள் பொழிந்தன. நிறுவனத்தின் தலைமையகமான ரஃபேல் மாளிகை எரிந்தது. 74 ஆண்டுக் காலப் பதிவேடுகளும் மூல ஓவியங்களும் சாம்பலாயின. நிறுவனம் மீண்டும் எழுந்து நடந்தது. 1959-இல் டெஸ்மண்ட் டக் ஓய்வு பெற்றதோடு குடும்பத்தின் கை அதிலிருந்து விலகியது. இன்று எந்த அட்டை எந்த ஆண்டு வந்தது, எந்த ஓவியர் வரைந்தார் என்பதை அறிய விரும்புவோர், வீடுகளில் தப்பிப் பிழைத்த அட்டைகளை ஒன்று சேர்த்தே பட்டியல் உருவாக்குகின்றனர். முத்திரையின் தேதியும், பின்னால் யாரோ கிறுக்கிய இரண்டு வரியுமே சான்று. பெரிய மாளிகையின் ஏடுகள் அழிந்த பின், சிறிய வீடுகளின் பெட்டிகள் ஆவணக் காப்பகமாகிவிட்டன. இதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கொழும்பிலும் பினாங்கிலும்

லண்டனில் இருந்தவர்க்கு நம் மக்களின் பெயர் தெரிய வழியில்லை என்று வாதிடலாம். நம்மிடையே கடை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

கொழும்பில் 1890-ஆம் ஆண்டு பிளாட்டே என்பவரும் அவர் மனைவி கிளாராவும் ஒரு நிழற்படக் கூடத்தைத் தொடங்கினார்கள். அது பிளாட்டே நிறுவனமாக வளர்ந்து, கண்டி, நுவரெலியா முதலிய ஊர்களுக்கும் கிளை பரப்பியது. 1907-ஐ ஒட்டிய காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் அட்டைகள் அவர்களிடம் விற்றன. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நின்ற சில மணி நேரத்தில் இறங்கி, ஊரைப் பார்த்து, அட்டை வாங்கி, அங்கேயே அஞ்சலில் சேர்த்துவிட்டுக் கப்பலேறிய பயணிகளே பெரும் வாடிக்கையாளர்கள்.

அக்காலத்து இலங்கை அட்டைகளில் அழகிய வேலைப்பாடு உண்டு. பனி மூடிய தேயிலைச் சரிவும், காலி வீதியின் தென்னை நிழலும் இன்றும் நெஞ்சைக் கவரும். ஆனால் படத்துக்கு அடியில் இருக்கும் ஒரு வரியைப் படியுங்கள். ‘தமிழ்ப் பெண்’, ‘ரோடியப் பெண்’, ‘மூர்’, ‘தமிழ்க் கூலிகள்’. கொழுந்து பறிக்கும் பெண்ணின் அட்டை எத்தனை ஆயிரம் விற்றதோ! அவள் பெயர் எவருக்கும் தெரியாத ஒன்றா? இல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் பெரட்டுக் களத்தில் அவள் பெயர் கூப்பிடப்பட்டது; தோட்டத்தின் செக்ரோலில் அவள் பெயர் எழுதப்பட்டிருந்தது. கூலிக் கணக்குக்கு அவள் பெயர் வேண்டியிருந்தது, படத்துக்கு வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பிள்ளையின் ஏட்டில் மனுஷியாக இருந்தவள், அட்டையில் ஒரு வகையாகிவிட்டாள்.

அச்சுத் தொழிலின் போக்கும் இக்குறையை வளர்த்தது. அந்நாளைய நல்ல அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாயின. இங்கே எடுத்த படம் கப்பலேறிச் சென்று, அந்நாட்டு அச்சுக்கூடத்தில் அட்டையாகி, மூட்டை மூட்டையாகத் திரும்பும். முதல் போட்டுக் காத்திருக்கும் கடைக்காரர், எவர்க்கும் விலைபோகும் படத்தையே தேர்ந்தெடுப்பார். எவர்க்கும் பொருந்தும் சொல்லையே அடியில் எழுதுவார். ‘இன்ன ஊர் இன்னாள்’ என்றால் அது ஒருத்தியின் படம். ‘தமிழ்ப் பெண்’ என்றால் ஆண்டாண்டாக விற்கலாம். 1914-இல் மூண்ட போர் ஜெர்மானிய அச்சு வழியை அடைத்தது. அதற்குள் அந்த ஒற்றை வரியின் வழக்கு ஊன்றிவிட்டது.

வெளியிட்டவர் நம்மவரானால் வழக்கு மாறியதா? பினாங்கில் எஸ்.எம். மாணிக்கம் என்னும் தமிழ்ப் பெயர் தாங்கிய நிறுவனமும் பட அட்டைகள் வெளியிட்டது. தொழிலில் தமிழரும் கால் பதித்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவ்வூரின் பெருமைமிக்க கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பாருங்கள். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801-ஐ ஒட்டி நிறுவிய இறையில்லம் அது. பழைய அட்டைகளில் அது ‘முகமதியர் பள்ளி, பினாங்கு’ என்ற அளவில் நின்றுவிடுவது உண்டு. நிறுவியவர் பெயரும் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. விற்பவரின் இனம் எதுவாயினும் வாங்குபவர் கப்பல் பயணியாகவே இருந்த வரை, அடியில் எழுதும் வரியும் அவருக்காகவே எழுதப்பட்டது.

அண்மைக் காலத்தில் இத்துறையில் நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. ஓமர் கான் என்பவர் பல்லாண்டு உழைத்து 2018-இல் வெளியிட்ட ‘பேப்பர் ஜுவல்ஸ்’ என்னும் நூல், இந்தியத் துணைக்கண்டத்து அட்டை வெளியீட்டாளர்களையும் ஓவியர்களையும் நிழற்படக் கலைஞர்களையும் மறதியிலிருந்து மீட்டிருக்கிறது. அதே ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் சென்னை, பெங்களூர் அட்டைகளுக்கென ஒரு கண்காட்சியும் நடந்தது. அட்டையை வெளியிட்டவரின் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. அட்டையில் நிற்பவரின் பெயரோ பெரும்பாலும் மீளவே மீளாது. அன்றைக்கே எழுதாத பெயரை எந்த ஆராய்ச்சியாளராலும் உண்டாக்க முடியாது.

மக்காவின் மருத்துவரும் டில்லி மிர்ஸாவும்

பெயர் தெரிந்தும் நீக்கப்பட்ட வரலாறு ஒன்றும் உண்டு. அது நம் உள்ளத்துக்கு மிக நெருங்கிய மண்ணில் நடந்தது.

எகிப்தியப் படை அதிகாரியான முஹம்மது சாதிக் 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் முதன்முதலாக நிழற்படம் எடுத்தவர். அவருக்குப் பின் மக்கா நகரத்து மருத்துவர் ஒருவர், அஸ்ஸெய்யித் அப்துல் கப்பார், இக்கலையைப் பயின்று, தம் நகரத்தையும் ஹாஜிகளையும் படம்பிடித்தார். 1885-இல் மக்காவில் தங்கியிருந்த டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே அவரோடு பழகினார். பின்னர் அவர் அனுப்பிய படங்களைப் பெற்று 1889-இல் ஐரோப்பாவில் தொகுதியாக வெளியிட்டார். மருத்துவர் தம் படங்களில் அழகிய அரபு எழுத்தில் தம் பெயரைப் பொறித்திருந்தார். அச்சில் அப்பெயர் அழிக்கப்பட்டது. ‘மக்காவின் மருத்துவர் ஒருவர்’ எனும் பொதுச்சொல்லே எஞ்சியது. அறிவித்தவர் பெயரை நீக்கிவிட்டு அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்ட செயலுக்கு, ஹதீஸ் கலை பயின்ற எவரும் என்ன தரம் கொடுப்பார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அவர் பெயரை மீட்டுத் தந்தார்கள். அவர் தாமே எழுதி வைத்திருந்ததனால்தான் மீட்க முடிந்தது.

இங்கேதான் நம் கவனத்துக்குரிய குடும்பம் வருகிறது. டில்லி சாந்தினி சௌக்கில் ‘எச்.ஏ. மிர்ஸாவும் மைந்தரும்’ என்ற பெயரில் ஒரு முஸ்லிம் குடும்பம் நிழற்படத் தொழில் நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டில்லியின் கட்டடங்களையும் வீதிகளையும் அட்டைகளாக வெளியிட்ட நிறுவனங்களில் அது குறிப்பிடத்தக்கது. அதே குடும்பத்தின் பெயர் தாங்கி, 1907 அளவில் எடுக்கப்பட்ட மக்கா, மினா, அரபாத், மதீனா காட்சிகள் லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இன்றும் உள்ளன.

ஒரே கடையின் இருவகைப் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜும்ஆ மசூதியின் அட்டை, டில்லியைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு, ஆங்கிலத்தில் ஒரு வரியோடு விற்றது. மற்றக் கடைகளின் அட்டைகளோடு கலந்து வைத்தால் பிரித்தறிவது கடினம். புனித நகரங்களின் படங்களோ வேறு கண்ணுக்காக எடுக்கப்பட்டவை. வாங்குபவர் அந்தத் திசை நோக்கி நாள்தோறும் ஐவேளை நிற்பவர். கப்பல் கட்டணம் சேராமல், காத்திருந்தே காலம் கழிந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு அது அயல்நாட்டுக் காட்சி அன்று. இது மினா, இது அரபாத் என்று ஒவ்வோர் இடத்தையும் தம் வாழ்வின் ஒரு கடமையோடு சேர்த்துப் பார்ப்பவர் அவர். அவரிடம் ‘கீழ்நாட்டுப் பள்ளி ஒன்று’ என்று எழுதி விற்க முடியுமா? வாங்குபவர் அறிந்தவராக இருக்கும்போது, எடுப்பவர் உண்மையாக இருக்க வேண்டியதாகிறது.

அத்தகைய படங்களின் மதிப்பு நாளாக நாளாக ஏறியதற்கும் அதுவே காரணம். மதீனாவின் ஜன்னத்துல் பகீயிலும் மக்காவின் முஅல்லாவிலும் இருந்த குப்பாக்கள் 1920-களின் நடுவில் இடிக்கப்பட்டன. அதன் மார்க்கச் சட்ட வாதங்களுக்குள் நாம் இங்கே புகவில்லை. அதற்கு முன் அந்த இடங்கள் எவ்வாறு இருந்தன என்று எக்கருத்துடையவரும் அறிய விரும்பினால், இடமும் எடுத்தவரும் காலமும் தெரிந்த படங்களே அவருக்குச் சான்றாகும். அடியில் வரி இல்லாத படம் அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறவே முடியாது.

அட்டை ஏறாத மலை

இப்போது கொல்லிமலைக்கு வருவோம். நீலகிரிக்கு மலை இரயில் 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ஏறியது. அதனோடு அட்டைகளும் ஏறின. உதகை ஏரி, தாவரவியல் பூங்கா, தோடர் மந்து எல்லாம் சென்னைக் கடைகளில் விற்றன. தோடர் பெரியவர் ஒவ்வொருவரும் ‘தோடர்’ என்ற ஒரே பெயரோடு கடல் கடந்தார்கள். கொல்லிமலைக்கோ இரயிலும் இல்லை, கோடைக்குத் துரைமார் தங்கும் பங்களா வரிசையும் இல்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி வெளியார் ஒதுங்கிய மலை அது. வாங்குபவர் போகாத இடத்துக்கு அட்டைக்காரர் ஏன் போகிறார்?

இதில் ஒரு விந்தையைக் காண்கிறோம். இம்மலையைச் சூழ்ந்த பழைய சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணியின் பின்னால் இலங்கைக்குச் சென்றவர்கள் ஏராளம். சொந்த மலையின் அடிவாரத்தில் எவரும் படமெடுக்காத அம்மக்கள், அயல் மலையின் சரிவில் கூடை சுமந்து நின்றபோது அட்டையில் ஏறினார்கள், பெயரில்லாமல்.

கொல்லிமலை மக்களைப் பொறுத்தவரை ஒரு சொல்லே எவ்வளவு குழப்பம் செய்யவல்லது என்று பாருங்கள். அங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது பொருள். அவர்கள் தாய்மொழி தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஒரு படத்தின் கீழே ‘மலையாளிப் பெண்’ என்று மட்டும் எழுதிப் பாருங்கள். காண்பவர் அவளைக் கேரளத்துக்கு அனுப்பிவிடுவார். ஒற்றைச் சொல் வரி தகவல் தராமல் இருப்பதோடு நிற்காது, பொய்யும் சொல்லும்.

சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை வாசகர்களுக்கு நினைவிருக்கும். தெய்வம் செய்தமைத்த உருவம்; காற்றாலும் மழையாலும் அழியாதது; காண்பவரை மயக்கி உயிரைக் கொள்வது என்றெல்லாம் அதைப் பற்றிக் கூறுவர். அழகால் மயக்கி அறிவைப் பறிக்கும் உருவம் ஒன்றைக் கற்பனை செய்ய, நம் முன்னோர் இந்த மலையையே தேர்ந்தார்கள். இன்று வானூர்திப் பொறி கொண்டு மேலிருந்து எடுக்கும் வளைவுப் பாதையின் படத்தைப் பார்த்து வியக்கிறோம். அந்தப் பாதை வருமுன் தலைச்சுமையாக நோயாளியை இறக்கியவர் யார், அவர் எந்த நாட்டார், சாமையும் பனிவரகும் விதைத்த காடு ஏன் மரவள்ளிக்கு மாறியது என்பன அப்படத்தில் இல்லை. வியப்பு மட்டும் கிடைக்கிறது. அந்தப் பாவை செய்ததும் அதுதானே!

கலைக்கு அழகு போதாதா, பெயரும் ஊரும் எதற்கு என்பார் உளர். ஓவியர் தம் கற்பனையிலிருந்து வரையும் உருவத்துக்கு அவ்வாதம் பொருந்தலாம். நிழற்படம் ஓர் உயிருள்ள மனிதரின் முன்னால் நின்று எடுப்பது. அவர் முகத்தைக் கொண்டுவந்த பின், அவர் பெயரை மட்டும் விட்டுவருவது கலையாகாது. வேறொரு தயக்கம் நியாயமானது. பெண்களின் பெயரையும் படத்தையும் பொதுவில் வைப்பதில் நம் குடும்பங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு கொல்லிமலைப் பெண்ணுக்கும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பெயர் கேட்கத் தொடங்கினால் அனுமதி கேட்டாக வேண்டும். அவர் வேண்டாமென்றால் படமும் வேண்டாம். பெயரைக் கேட்பதே ஓர் அதபு.

பின்பக்கத்தில் எழுதுங்கள்

பட அட்டைக் குடும்பங்களின் கதை நமக்குச் சொல்வது இதுவே: படத்துக்கு அடியில் இருக்கும் வரியை எழுதுபவர், அதைப் படிக்கப் போகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறார். டக் குடும்பம் லண்டன் மாளிகையாரையும், பிளாட்டே தம்பதியர் கப்பல் பயணியையும், மிர்ஸா குடும்பம் ஒரு வேளை டில்லி காண வந்தவரையும் மறுவேளை ஹஜ்ஜுக்கு ஏங்கியவரையும் நினைத்தார்கள். இன்று எடுப்பவரும் நாமே, வெளியிடுபவரும் நாமே. யாரை நினைத்து எழுதப் போகிறோம்? நம் பேரப்பிள்ளைகளை நினைத்து எழுதினால் போதும். எழுத வேண்டியவை தாமே வந்துவிடும்.

வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த அட்டைகள் செல்லரித்துக் கிடக்கலாம். தொப்பியோடு நிற்கும் நால்வரின் படத்தில் ஒருவரை மட்டும் அடையாளம் சொல்ல, வீட்டில் ஒரு மூத்தம்மா இன்னும் இருக்கலாம். அவர் இருக்கும்போதே கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் எவர். இறுதியில் இன்னொரு வரியும் சேருங்கள்: ‘இதைச் சொன்னவர் இன்னார், கேட்டு எழுதியவர் இன்னார்.’ உறுதியாகத் தெரியாததைத் தெரியாதென்றே குறியுங்கள். ஹதீஸ் கலை பயின்ற பெரியார்கள் அதற்கு வெட்கப்பட்டதில்லை.

கொல்லிமலைக்குப் போகும் பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்புங்கள். நூறு படங்கள் வேண்டாம், பத்துப் போதும். பத்துக்கும் பெயர் இருக்கட்டும். எவருடைய படத்தை எடுத்தார்களோ அவருக்கு அதில் ஒரு பிரதியை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பட்டும். அந்த மலையின் படம் அந்த மலைக்கே சென்று சேரட்டும். அதைக் கையில் வாங்கிப் பார்ப்பவர், அடியில் உள்ள வரி சரிதானா என்று சொல்லத் தகுதியுடைய முதல் வாசகர்.